வீட்டேடுகளும் நாட்டு வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் கருவியாய் முன்னிற்பன கல்வெட்டுக்களும் செப்பேடுகளுமாம். ஹூல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1886ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த நாள் தொட்டு, தமிழ்நாட்டுச் சிவாலயங்களின் சுவர்களிலும் தூண்களிலும் பொறிக்கப்பெற்றுக் கிடந்த செய்திகள் முறைப்படப் படியெடுக்கப்பெற்று வெளிவரலாயின. சோழர் குடிவழியும், தேவதானங்களின் பரப்பும், திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார்க்கு விடப்பட்ட நிவந்தங்களும் இன்று பெரிதும் ஐயமற விளங்குவது அம்முயற்சியின் பயனேயாம்.

ஆயினும் கல் எல்லாவற்றையும் பேசுவதன்று. என்றும் நிலைபெறல் வேண்டுமென்று கொடையாளி விரும்பிய செய்தி மட்டுமே கல்லில் ஏறும். திருநுந்தா விளக்கெரிக்க ஒருவன் தொண்ணூறு ஆடு விட்டானெனின் அவை கல்வெட்டிற் சாவா மூவாப் பேராடாகவே என்றும் நிற்கும். பஞ்சம் வந்துழி அம்மந்தை யாதாயிற்று என்பதனைக் கல் கூறாது. திருமதில் எடுத்தவன் பெயர் மதிலிலேயே உண்டு. அம்மதிலை இடித்தவன் பெயரை எழுதுதற்கு மதிலே எஞ்சுவதில்லை. இவ்விரண்டாவது வகைச் செய்தி எங்கேனும் எஞ்சி நிற்பதாயின், அது தனியொருவர் தம் பொருட்டும் தம் குடியின் பொருட்டும் எழுதிவைத்த ஏட்டிலேயே நிற்றல் வேண்டும். நாட்குறிப்பு, கணக்கோலை, கடிதம், பூசைப் பத்ததி, குடிவழிக் குறிப்பு என்றின்னோரன்னவற்றை எல்லாம் ஈண்டு வீட்டேடு என்னும் ஒரு பெயராற் குறிப்பது அமையும். இவை அரசாணையால் எழுந்தனவல்ல, உலகறிதற்கென்று எழுதப்பட்டனவுமல்ல. அதுபற்றியே இவற்றின் சான்றுக்குத் தனிமதிப்பு உண்டாகின்றது. இவ்வுண்மையைப் புதுச்சேரிச் சிவாலயம் ஒன்றன் வரலாறு கொண்டு தெளியலாம்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்து அந்நகர்க்கு நடுவே வேதபுரீசர் திருக்கோயில் ஒன்று விளங்கியது. அதன் பக்கத்தே ஏசு சபைப் பாதிரிமார் செயின்ட் பால் என்னும் பெயரால் ஒரு தேவாலயம் எடுத்திருந்தனர். அப்பெயர் மக்கள் நாவில் திரிந்து இன்றும் சம்பாக் கோயில் என்று வழங்குகின்றது. இரண்டு கோயில்களும் அடுத்தடுத்து நின்றமையான் பூசல்கள் நெடுநாளாக இருந்து வந்தன. கி. பி. 1748ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வேதபுரீசர் கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அக்காலத்துக் கவர்னராயிருந்தவர் துய்ப்ளேக்ஸ். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொஸ்கவன் நகரை முற்றுகையிட்டிருந்த வேளை அது.

அந்நிகழ்ச்சியை ஒரு தமிழர் கண்ணுங் கருத்துமாக நாள்தோறும் எழுதிவைத்தார். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை. சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே தந்தையார் திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரியிற் குடியேறி, வாணிகத்திற் சிறந்து, கனகராய முதலியார் 1746இல் இறந்த பின்னர்த் தலைமைத் துபாசியின் பொறுப்பினை ஏற்றவர். புலவரைப் புரந்த வள்ளலாகிய அவர்மேற் கோவை நூலும், வடமொழியிற் சம்பு நூலும் எழுந்தன. எனினும் அப்பாடல்களினும் அவர்தம் பெயரை நிலைநிறுத்தியது, பாடல்பெறுதற்குச் சிறிதும் ஏலாத பேச்சு நடையில் அவர் வரைந்து வந்த தினப்படிச் சேதிக்குறிப்பேயாம். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாளில் தொடங்கிய அக்குறிப்பு, 1761ஆம் ஆண்டு ஜனவரியில், நகரம் ஆங்கிலேயர் கைப்படுதற்குச் சின்னாள் முன்னர் அவர் இறக்குங்காறும் இடையிடையே விட்டும் தொடர்ந்தும் சென்றது. அதற்கு வழங்கும் பெயரிற் காணும் சொஸ்த லிகிதம் என்னுஞ் சொற்கள் தம் கையெழுத்து என்னும் பொருளன. பிற்பகுதியிற் பிறர் கையால் எழுதுவித்தனவும் உளவாயினும் பெயர் மாறிற்றிலது.

அக்குறிப்பில் இல்லாதது இல்லை எனலாம். கப்பல் வந்த நாழிகை, துணிப்பொதியின் விலை, சாதிவழக்கு, கலியாணத்திற் கொடுத்த மரியாதை, கவர்னர் முகம் வாடியிருந்த காரணம், புயல், மழை, வடக்கே தில்லியிலிருந்து வந்த வதந்தி என யாவும் ஒருங்கே விரவிக் கிடக்கும். நூல் இயற்றுவார் போலத் தெரிந்தெடுத்து அடுக்கினாரல்லர். அந்நாளிற் செவியில் விழுந்தது அந்நாளிலேயே எழுதப்பட்டது. இக்கால ஆராய்ச்சியாளர் விரும்புவதும் அதுவே.

வேதபுரீசர் கோயில் பற்றிய பகுதிக்கு வருவோர், 1748க்கு முன்னரே அதன் தொடக்கத்தைக் காண்பர். 1746ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓரிரவு யாரோ இருவர் திருக்கோயிலினுட் புகுந்து திருமேனிகள்மீது மலசலங் கொட்டி நந்திதேவர்மீது அப்பானையை உடைத்துச் சென்றனர் என்று குறிப்பு எழுதப்பட்டுளது. ஊரார் திரண்டு முறையிட்டனர். பின்னும் இத்தகைய இழிசெயல்கள் நிகழ்ந்தன. இவற்றைக் கூறுமிடத்தும் பிள்ளை சினந்து எழுதுவதில்லை. எவ்வழி வந்தனர், எவ்வழி போயினர், யார் யாரிடம் கூறினர் என்பதையே வரைகின்றார்.

1748ஆம் ஆண்டு, விபவ வருடம் ஆவணித் திங்களில், செப்டம்பர் 8ஆம் நாள், படைவீரரை முன்னரே காவல் நிறுத்தி, ஜெர்போ என்னும் எஞ்சினீயரும் பாதிரிமாரும் மண்வெட்டி கடப்பாரையுடன் கொத்தரையும் கூலியாட்களையும் அழைத்து வந்து, கோயிலின் தென்மதிலை முதலில் இடிக்கத் தொடங்கினர். கோயிற் காரியக்காரரும் பிராமணரும் ஆண்டிகளும் பிள்ளையிடம் ஓடிவந்தனர். அவராற் செய்யக்கூடியது யாதும் இல்லை. முற்றுகையிடப்பட்ட நகரில், கவர்னரது ஆணைக்கு எதிர்நின்று வெல்லுதல் துபாசிக்கு ஆவதன்று. எழுந்தருளும் திருமேனிகளையேனும் அப்புறப்படுத்தும் முயற்சி நடந்தது; அவை காளத்தீசுவரர் கோயிற்குக் கொண்டு போகப்பட்டன. கருவறையிற் சிவலிங்கத்திற்கு நேர்ந்ததை எழுதுமிடத்துக் கூர்தூ என்னும் பாதிரியாரின் பெயரைக் குறிப்பு வெளிப்படையாகக் கூறுகின்றது. அவர் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்பது அதன் கூற்று. இக்கூர்தூ பாதிரியாரே வடமொழிக்கும் இலத்தீன் கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவினை முதன்முதல் உணர்ந்து எழுதினோருள் ஒருவரென்று மொழிநூலாராற் பாராட்டப்பெறுபவர். ஒருவரது கடிதம் அவர்தம் கல்வியைக் காட்ட, மற்றொருவரது நாட்குறிப்பு அவரது செயலைக் காட்டுகின்றது. இரண்டனுள் ஒன்று மட்டும் எஞ்சியிருப்பின் அவரைப்பற்றிய வரலாறு அரைகுறையாகவே நின்றிருக்கும்.

முற்றுகைக் காலமாதலின் அரண் காவலைக் காரணங் காட்டுதல் யார்க்கும் எளிது. குறிப்புக் காட்டுங் காரணம் வேறு. ஐம்பது ஆண்டுகளாகப் பாதிரிமார் இக்கோயிலை அகற்ற முயன்று வந்தனர் என்றும், முன்னிருந்த கவர்னர்கள் இது தமிழர் நாடு, கோயிலில் கைவைத்தால் வணிகர் வருதல் ஒழியும், நகர் தேயும் என்று கருதி, அரசன் ஆணை வந்தபோதும் அதனை நிறைவேற்றாது விடுத்தனர் என்றும், துய்ப்ளேக்ஸ் தம் மனைவியார் சொற்கேட்டே இணங்கினார் என்றும் பிள்ளை வரைகின்றார். அதே நாட்களிற் பள்ளிவாசல் ஒன்றனையும் இடிக்க ஆணை பிறந்தது. சிப்பாய்களின் தலைவரான அப்துல் ரகுமான் கவர்னரிடஞ் சென்று, தம் வீரர் ஒருவரும் அதனைப் பொறுத்திரார் என்று உரைத்த அளவில் அவ்வாணை மீட்கப்பட்டது. வாள் உடையார்க்கு ஒரு நீதி, வாள் இல்லார்க்கு ஒரு நீதி என்று பிள்ளை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிகழ்ந்தன இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்தமையே போதியதாயிற்று.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. தனியொருவர் ஏடு அவ்வொருவர் கண்ணால் நோக்கியதேயன்றி யாவர் கண்ணாலும் நோக்கியதன்று. பிள்ளைக்குந் துய்ப்ளேக்சின் மனைவியார்க்கும் பகை முதிர்ந்திருந்தது. அவ்வம்மையார் துபாசித் தொழிலில் இடையிட்டுக் கைக்கூலி வாங்குகின்றார் என்பது அவர் ஓயாது கூறும் குறை. ஆகலின் அம்மையார்மேல் அவர் ஏற்றும் பழி முழுவதையும் அப்படியே ஏற்றல் கூடாது. மற்று, தென்மதில் முதலில் இடிந்தது, திருமேனிகள் காளத்தீசுவரர் கோயிற்குச் சென்றன, முறையிட வந்தவர் இன்னாரின்னார் என்னும் இவற்றிற் பொய்யுரைத்து அவர் பெறக்கூடிய பயன் ஒன்றுமில்லை. பகை பேசும் இடத்தையும் கண்டது கூறும் இடத்தையும் பிரித்தறிதலே வீட்டேட்டை ஆராய்வார் கைக்கொள்ள வேண்டிய முறையாம். கல்வெட்டின் மெய்க்கீர்த்தியையும் அதன் கீழுள்ள நிலவெல்லையையும் ஒரே தரமாகக் கொள்ளார் அறிஞர், அதுபோல என்க.

இத்துணை அரிய ஏடு தப்பியதும் ஒரு கதையாம். பிள்ளை இறந்த பின்னர் அது அவர் குடும்பத்து வீட்டிலேயே கிடந்தது. 1846ஆம் ஆண்டிற் கலுவா மொம்பிரன் என்னும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டு படியெடுப்பித்தார். ஆரியேல் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் எடுப்பித்த படி பாரிசு நகரத்துத் தேசிய நூல்நிலையத்தை அடைந்தது. வின்சோன் என்பார் சில பகுதிகளைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து 1894இல் வெளியிட்டார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தார் பிரதி ஒன்று செய்வித்து, பிரைஸ், ரங்காசாரியார், டாட்வெல் என்பாரைக் கொண்டு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டனர். மூலச்சுவடிகளுட் சில அதற்குள் மறைந்தொழிந்தன. அப்பகுதிகளுக்குப் படியே மூலமாயிற்று. படியெடுத்தார் ஒருவரும் இல்லாதிருந்தால் வேதபுரீசர் கோயில் இடிந்த நாள் இன்னதென்றுந் தெரிய வழியிராது.

தமிழர் வீட்டில், தமிழர் ஒருவரால், தமிழில் எழுதப்பட்ட அவ்வேட்டின் மூலம் தமிழில் அச்சாகத் தொடங்கியது 1948ஆம் ஆண்டிலேயாம். கோயில் இடிந்து சரியாக இருநூறு ஆண்டு. ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்து நாற்பத்துநான்கு ஆண்டு. அவ்விடைக்காலத்தில் அந்நிகழ்ச்சியை அறிய விரும்பிய தமிழர், தம் மொழிச் செய்தியைப் பிறமொழியிற் படித்து மீளத் தமிழாக்க வேண்டியவராயினர். இது பெருமை தருவதன்று.

பிள்ளை இட்ட வழி அவரோடு நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்தில் திருவேங்கடம் பிள்ளையும், பின்னர் முத்துவிசயத் திருவேங்கடம் பிள்ளையும் நாட்குறிப்பு எழுதினர். இரண்டாம் வீரா நாயக்கர் என்பாரும் 1778 முதல் 1792 வரையுள்ள செய்திகளை எழுதி வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின் அலை புதுச்சேரித் தெருவில் மோதிய நாட்களை அதிற் காணலாம். ஒரு சிறு நகரின் ஒரு நூற்றாண்டு வரலாறு இவ்வாறு சில வீடுகளின் பெட்டிகளுக்குள் அடங்கிக் கிடந்தது.

இனி, சைவ நன்மக்கள் வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த ஏடுகளைப்பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். அவற்றைச் சாத்திர நூல் என்ற அளவிற் போற்றினோர் பலர். வரலாற்றுக் கருவியென்று நோக்கினோர் சிலர். ஆயின் சித்தாந்த ஆசிரியர் காலவரையறையே இத்தகைய சிறு குறிப்புக்களைப் பற்றுக்கோடாகக் கொண்டு நிற்கின்றது. உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணப் பாயிரத்திற் சக ஆண்டு 1235 என்று குறித்திராவிடின், அஃதாவது கி. பி. 1313 என்று தெரிந்திராவிடின், சந்தானாசாரியர் நால்வர் காலமும் ஊகத்திலேயே ஊசலாடும். வடமொழிப் பத்ததி ஆசிரியராகிய அகோரசிவாசாரியர் தம் குருமரபு கூறுமிடத்துக் காட்டிய சக ஆண்டு 1080 என்பதே அவரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினரென உறுதிப்படுத்துவது. கல்லில் எழுதப்பட்ட எந்தச் சாசனத்திலும் அன்று, கையேட்டின் ஓரத்தில் நின்ற ஒரு தொகைச் சொல்லில் ஒரு சமயத்தின் காலக்கணக்கு தொங்குகின்றது.

ஆசிரியர்மட்டுமல்லர், ஏடெழுதினோரும் தம்மைக் குறித்துச் சென்றனர். ஓலைச்சுவடியின் இறுதியில் இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன நாள், இன்ன விண்மீன் கூடிய நன்னாளில், இன்னார் மகன் இன்னான், இன்ன ஊரிலிருந்து எழுதி முடித்தான் என்று ஒரு சிறு முடிவுரை காணப்படும். நூலை அச்சிடுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். சாத்திரப் பொருளுக்கு அது வேண்டாததே. ஆயினும் எந்த ஊரில் எந்த ஆகமம் ஓதப்பட்டது, எந்தக் குருக்கள் குடி எவ்வூரினின்று எவ்வூர்க்குப் பெயர்ந்தது, எந்நூற்றாண்டில் எந்த நூலின் பயிற்சி அருகியது என்பனவற்றை அறிய அதனினுஞ் சிறந்த கருவி இல்லை. பனையோலை இந்நாட்டு வெப்பத்திலும் பூச்சியிலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குமேல் நிற்பது அரிது. ஆதலின் நூல் நிலைபெற்றது மீண்டும் மீண்டும் எழுதினோர் கையினாலேயாம். அக்கைகளின் பெயர்ப்பட்டியலே அம்முடிவுரைகள்.

இவ்வேடுகள் அழிந்ததற்குக் கறையானை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் தாம் ஏடு தேடிச் சென்ற காலத்துக் கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்ததை எழுதியுள்ளார். அவ்வூரிலிருந்த பிற்காலப் பாண்டியர் ஒருவரது ஏட்டுத் தொகுதி திருக்கோயிலைச் சார்ந்திருந்தது. ஐயர் அதனைக் காண விழைந்து வினவியபோது, பழுதுபட்ட ஏடுகளை என் செய்வதென்று தெரியாமையால், ஆகமத்திற் சொல்லியபடி நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டு முடித்ததாக அங்குள்ளார் விடைகூறினர். பகைவர் கையால் இடிந்த கோயிலின் செய்தி ஒருவர் ஏட்டால் நின்றது. பத்தியுடையார் கையாலேயே ஒரு கோயிலின் ஏடுகள் எரிந்தன. பின்னதற்கு வருந்துவோர் முன்னதற்கு வருந்துவோரினும் குறைவாயிருத்தல் விந்தையே. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளுக்குக் கணக்கு இல்லை. அவற்றுள் நூல்கள் எத்துணை, கணக்கோலைகள் எத்துணை என்பதனை யார் அறிவார்?

வேதபுரீசர் கோயில் இடிந்த அப்புதுச்சேரியிலேயே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், சைவ ஏடுகளுக்கு ஒரு புகலிடம் அமைந்தமை இவ்வரலாற்றிற் குறிக்கத்தக்கது. 1955ஆம் ஆண்டிற் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் அங்கு நிறுவப்பெற்றது. அதனை முதன்முதல் நடத்திய பில்லியோசா என்னும் அறிஞர் சைவாகமங்களைத் தொகுத்து ஆராயும் பணியை மேற்கொண்டார். பண்டிதர் என். ஆர். பட் அதற்குப் பெருந்துணையானார். திருக்கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள்மார் இல்லங்களிலும் கேட்டுப் பெற்ற ஓலைக்கட்டுகள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டன அந்நிறுவனத்தில் தொகுக்கப்பட்டன. பெரும்பான்மையன கிரந்த எழுத்தில் அமைந்தவை. 2005ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் புதுச்சேரிச் சைவச் சுவடிகளை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

அத்தொகுதியின் ஒரு பகுதி மூல ஓலை அன்று. ஏட்டைக் கைவிட மனமில்லாதவரிடம் இரவல் பெற்று, நாகரி எழுத்திற் காகிதத்திற் பெயர்த்தெழுதி, மூலத்தை உரியவரிடமே திருப்பியளித்த படிகள் ஆயிரத்துக்கு மேல் உள. தலைமுறை தலைமுறையாகப் பூசையில் வைத்து வணங்கிய ஏட்டை யாரும் எளிதிற் கொடார். அதனைக் கேட்பதும் முறையன்று. படி மட்டும் பெறுதல் இருசாரார்க்கும் ஒத்தது. கலுவா மொம்பிரன் பிள்ளையவர்கள் வீட்டிற் செய்ததும் அதுவே.

நூலேடுகளுக்கு இங்ஙனம் ஓரளவு வழி பிறந்தது. கணக்கோலைக்கும் கடிதத்துக்கும் இன்னும் அவ்வளவு பிறந்திலது. ஏடு தேடிச் சென்றோர் ஒரு கட்டில் ஆகமமோ சங்கநூலோ இருந்தால் மகிழ்ந்தனர். நெல்லளவும் அபிடேகச் செலவும் எழுதிய ஓலையாயின் மீண்டும் பரணிலேயே வைத்தனர். மடங்களின் திருமுகங்கள், கட்டளைத் தம்பிரான்கள் எழுதிய வரவுசெலவு, ஓதுவார் தம் மக்கட்குப் பண்முறை குறித்த கைப்புத்தகம், திருப்பணிக்குப் பொருள் திரட்டிய ஊரார் பட்டியல், கொடியேற்ற அழைப்பிதழ் என்பன பல வீடுகளில் இன்றும் உள்ளன. இடிந்த வேதபுரீசர் கோயில் பின்னர்ப் புதுச்சேரி நகரிலேயே மீண்டும் எடுக்கப்பட்டு இன்றளவும் வழிபாட்டில் விளங்குகின்றது. இடித்த நாளின் நிகழ்ச்சியை நாழிகைக் கணக்கிற் கூறும் ஏடு பன்னிரண்டு தொகுதியாகக் கைக்கெட்டுகின்றது. எடுத்த நாளில் ஒரு பணமும் அரைப்பணமும் கொடுத்த குடிகளின் பெயர் எழுதிய ஓலைகள் இருக்கத்தக்க இடம் அக்குடிகளின் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பெட்டிகளே.